தொழிற்கூடத்துக்கே வரும் உடல் பரிசோதனைத் திட்டம்: சிறு முதலாளிகள் வாங்கலாமா?

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, தொழிற்கூடங்களுக்கே ஆட்களை அனுப்பி ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை செய்து கொடுக்கும் சேவையை ஆண்டுத் திட்டமாக விற்கிறது. அவனியாபுரம் பக்கம் எங்கள் குடும்பம் நடத்திவரும் அப்பளக் கம்பெனிக்கு அதை வாங்கி ஓராண்டு பயன்படுத்தியிருக்கிறோம். குறைந்த கூலித் தொழில்களை நடத்தும் மற்றவர்களும் இதே யோசனையில் இருப்பதால், கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா என்பதை விரிவாகவே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. வாங்கும் முன் வேறு சில இடங்களிலும் விலைப்பட்டியல் கேட்டுப் பார்த்தேன். பரிசோதனைகளின் வரிசைகூட மாறாமல் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே இந்த மதிப்பீட்டை இப்படி விற்கப்படும் சேவை முழுவதற்குமானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாம் நடக்கும் அன்று கிடைப்பதில் பாதிக்கு மேல் அரசிடமிருந்தும், தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. மூலமாகவும் தனிக் கட்டணம் இல்லாமலேயே கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது முகாமுக்குப் பிறகு நடக்க வேண்டிய வேலையை. இந்தத் திட்டத்தில் மிகவும் மெலிந்திருப்பதோ அந்தப் பகுதி. நிபந்தனை பேசி வாங்கினால் பயன் உண்டு. நீட்டிய தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டால் கோப்பு ஒன்று மிஞ்சும்.

இந்தச் சேவைக்கு இப்போது கிராக்கி கூடியிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் பற்றிய தொகுப்பு, குறிப்பிட்ட வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை செய்யும் பொறுப்பை வேலையளிப்பவர் மேல் வைக்கிறது. முன்பெல்லாம் எங்கள் தெருப் பக்கம் தலைகாட்டாத மருத்துவமனைப் பிரதிநிதிகள் இப்போது சந்துக்குள் இருக்கும் கூடங்களையும் தேடி வருகிறார்கள். சட்டப்படி வேண்டிய தாள்களை நாங்களே தயார்செய்து கொடுத்துவிடுவோம் என்பதுதான் அவர்கள் முதலில் சொல்வது. தாள் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறவர்களின் உடம்பு தேற வேண்டும் என்பதை முதல் நோக்கமாக வைத்துக்கொண்டால், இந்தத் திட்டத்தை வேறு கண்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள். உளுந்த மாவைப் பிசைந்து இடித்து உருண்டை பிடிப்பது, அரிசி மாவு தூவி அப்பளம் இடுவது, மாடியில் காயப்போட்டுத் திருப்புவது, உடைசலைக் கழித்து எண்ணி அடுக்கிப் பொட்டலம் கட்டுவது என்று நாள் ஓடும். அப்பளம் இடுகிறவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு நாள் கூலி. தரையில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி மணிக்கணக்காகக் குனிந்திருப்பதால் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் விண்விண் என்று தெறிக்கும். மாவில் சேர்க்கும் உப்பான அப்பளக்காரம் பட்டுப் பட்டு விரல் இடுக்கில் தோல் வெடிக்கும். உலர்மாவு பறக்கும் மூலையில் உட்காருகிறவர்களுக்கு இருமல் விடாது. சித்திரை வெயிலில் மாடியில் நிற்கிறவர்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். இந்த உடம்புகளுக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டுத் திட்டம் தொடங்கியிருந்தால் அதன் வடிவமே வேறாக இருந்திருக்கும்.

ஆளுக்கு 900 ரூபாய். எங்கள் தொழிலில் ஒரு பெண்ணின் இரண்டு நாள் கூலியைவிடக் கூடுதல். அந்தத் தொகைக்கு உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், கொழுப்பு வகைகள், சிறுநீர், தூரப்பார்வை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்; நாற்பதைக் கடந்தவர்களுக்கு இ.சி.ஜி. உண்டு. ஆறு மாதம் கழித்து இன்னொரு முகாம், இடையில் இரண்டு விழிப்புணர்வுக் கூட்டங்கள், ஆண்டு முழுவதும் கைப்பேசியில் மருத்துவரிடம் ஆலோசனை. படிக்க நிறைவாகவே இருக்கிறது. கூர்ந்து பார்த்தால், நாற்காலியில் அமர்ந்து கணினி பார்க்கிறவர்களுக்காக வகுத்த பட்டியல் இது என்பது தெரியும். மாவுத் தூசியில் இருப்பவர்களுக்கு வேண்டிய நுரையீரல் ஊதுசோதனை இதில் இல்லை. கையையும் முதுகையும் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இல்லை. அருகில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கும் கிட்டப்பார்வைச் சோதனை இல்லை. பெண்கள் மட்டுமே வேலை செய்யும் இடம் என்று தெரிந்தும் கருப்பைவாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த இரண்டையும் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள் என்ற தகவலையாவது சொல்லியிருக்கலாம்.

தொழிலுக்கு ஏற்பச் சோதனை மாற வேண்டும் என்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு இறுக்கம் வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் கூடுதலாகத் தெரியும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். ஆகவே ஆலைத் தொழிலாளியிடம் எந்தக் கிழமையில் மூச்சு முட்டுகிறது என்று கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். அந்த ஒரு கேள்விக்கு எந்திரமும் வேண்டாம், செலவும் வேண்டாம். எங்கள் முகாமில் யாரிடமும், என்ன வேலை செய்கிறாய் என்றே கேட்கவில்லை.

முகாம் நடந்த விதத்துக்கு வருகிறேன். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ரத்தம் எடுத்த பெண்ணின் கை பதமான கை. ஒவ்வொருவர் கண்முன்னும் புது ஊசியைப் பிரித்தே எடுத்தார். இ.சி.ஜி. பார்க்கத் தனித் திரை கட்டி, பெண் ஊழியரையே அமர்த்தியிருந்தார்கள். மருத்துவர் யாரையும் ஒருமையில் பேசவில்லை. பெரியாஸ்பத்திரிக்கே போக அஞ்சும் சிலர்கூட அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள். இவையெல்லாம் சிறிய விஷயங்கள் என்று நான் நினைக்கவில்லை. கூலி வேலை செய்கிறவர்களை நின்ற இடத்தில் விரட்டும் இடங்கள் பல உண்டு. இவர்கள் அப்படி நடக்கவில்லை.

ரத்த அழுத்தம் பார்த்த விதம் சரியில்லை. மாடியில் அப்பளத் தட்டுகளைப் பரப்பிவிட்டுப் படியிறங்கி வந்த ஓர் அம்மாவை, மூச்சிரைப்பு அடங்கும் முன்பே முக்காலியில் உட்காரவைத்து, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். 160-ஐத் தாண்டிக் காட்டியது. வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி, பி.பி. அதிகம் என்று சொல்லி அட்டையில் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து அமர்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, துணி இல்லாத மேற்கையில் பட்டையைக் கட்டிப் பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தாலும் ஒரே நாளின் அளவை வைத்து நோய் என்று தீர்மானிப்பதில்லை. 140-க்கு 90 என்ற எல்லையை வேறு வேறு நாட்களிலும் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே பெரும்பாலும் மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள். மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் உடனே ஏற்றுக்கொண்டு, சாய்மானம் உள்ள நாற்காலிகளை வரிசையாகப் போடச் செய்தார். அதே அம்மாவுக்கு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அளவு இயல்புக்கு மிக அருகில் வந்திருந்தது. அந்த இடைவெளிக்குள் அவர் முகம் வெளிறிப்போய் மூலையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஒரு காலைப் பொழுதுக்குள் இத்தனை தலை என்று கணக்கு வைத்து ஆள் அனுப்பும் ஏற்பாட்டின் விளைவு இது. வாங்கும்போதே ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரைப் பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூலியைப் பற்றி எந்த மருத்துவமனையும் பேசுவதில்லை. முதலாளிதான் பேசியாக வேண்டும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். முகாம் இலவசம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர் கணக்கில் அரைநாள் கூலி போய்விடும். முகாம் நாளில் எல்லோருக்கும் அவரவர் சராசரிக் கூலியில் பாதியைக் கொடுப்பதாக முன்கூட்டியே அறிவித்த பிறகுதான், வரமாட்டேன் என்று ஒதுங்கியிருந்தவர்களும் வந்தார்கள். திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் இந்தத் தொகையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இதைச் செய்ய மனமில்லாவிட்டால் முகாமையே நடத்தாமல் இருப்பது நல்லது என்பேன், ஏனென்றால் கூலியை இழந்து வந்தவர் அடுத்த முறை வரவே மாட்டார்.

பரிசோதனை முடிவுகள் வந்த விதம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்குச் சிறுநீரில் தொற்று என்று பெயர் வாரியாக ஒரே அட்டவணையாக்கி, முதலாளியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டார்கள். முகாமுக்கு முந்தைய நாள் மூத்த தொழிலாளி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஏம் பாப்பா, சுகர் இருக்குன்னு சீட்டுல வந்துட்டா வேலைக்கு வர வேணாம்னு சொல்லிருவீங்களா?" என்று கேட்டிருந்தார். அப்படி எதுவும் நடக்காது, உங்கள் சீட்டை நாங்கள் பார்க்கவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அட்டவணையைத் திறக்காமலே அழித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒட்டிய உறையில் கொடுக்க வேண்டும், எங்களுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதும் என்று கேட்டேன். இப்படிக் கேட்கும் முதல் நிறுவனம் நீங்கள்தான் என்றார்கள். குறைந்த கூலித் தொழிலில், நோயாளி என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வெறும் கற்பனை கிடையாது. அந்தப் பயம் இருக்கும்வரை, இருமலை மறைப்பார்கள், மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குவார்கள், முகாமுக்கு வந்தாலும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஊழியரின் உடல்நிலைத் தகவல் ஊழியருக்கு மட்டுமே போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.

உறையில் வந்த தாளும் ஆங்கிலத்திலேயே இருந்தது. வழவழப்பான அட்டை, வண்ணக் கோடுகள், சுருக்கெழுத்துகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னவர்கள் உண்டு. கர்ப்பப்பையில் எதுவோ இருக்கிறதாம் என்று தவறாகப் புரிந்துகொண்டு இரண்டு இரவு தூங்காமல் இருந்தவரும் உண்டு. தமிழில் நான்கு வரி எழுதுவது அத்தனை பெரிய மருத்துவமனைக்கு முடியாத காரியமில்லை. உறைக்குள் கூடவே ஒரு தள்ளுபடிச் சீட்டும் இருந்தது: முழு உடல் பரிசோதனைக்கு அவர்களின் மருத்துவமனைக்கே வந்தால் கட்டணத்தில் குறைப்பு என்று. சர்க்கரை கூடுதலாக இருப்பவருக்குத் தேவை தொடர் மருத்துவமும் மாத்திரையும். குறைந்த விலையில் இன்னொரு பரிசோதனையை விற்பது அவருக்கு எந்த வகையிலும் உதவாது.

மொத்த எண்ணிக்கையில் எங்களைத் தாக்கியது ரத்தசோகை. பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்பதால், எங்கள் கூடம் விதிவிலக்காக இருந்துவிடவில்லை. இதற்கு மருத்துவமனை தந்தது மாதுளை, பேரீச்சை, ஆட்டு ஈரல் என்று படம் போட்ட துண்டுத்தாள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்பதையும், அதைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் அங்கிருந்து வந்த செவிலியர்தான் சொன்னார். எங்களிடம் பதினொரு மணிக்கு எல்லோருக்கும் டீ உண்டு; காலையில் வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தாங்கள் சாப்பிடாமலே ஓடிவரும் பெண்கள் பலருக்கு அதுதான் முதல் ஆகாரம். இப்போது டீயோடு சுண்டல் அல்லது வேர்க்கடலை கொடுக்கிறோம். மாத்திரையை மதியச் சோற்றுக்குப் பிறகு போடச் சொல்லியிருக்கிறோம். இந்தச் செலவு திட்டத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இலவசமாகக் கிடைப்பவற்றைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கும் திட்டம்; 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அது பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நாங்கள் எழுதிக் கேட்டபோது சுகாதாரப் பணியாளர்கள் கூடத்துக்கே வந்து, முகாமில் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மறுபடியும் நிதானமாகப் பார்த்தார்கள். மருத்துவமனை செய்யாமல் விட்ட வேலை இது. யாருக்கு உண்மையாகவே மருந்து வேண்டும் என்பது இந்த இரண்டாவது பார்வையில்தான் தெளிவானது. அவர்களில் சிலர் இப்போது வீட்டுப் பக்கத்திலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். மருந்துக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ.க்கு ஊழியர் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறோம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் அனைவரும் இதில் அடக்கம். ஏற்கெனவே கட்டிவரும் இந்தப் பணத்துக்குள்ளேயே நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையும், தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையும் அடங்கியிருக்கின்றன. நோயுற்று வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, ஓராண்டில் 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு நோயூதியமாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். எங்கள் பெண்களில் மிகப் பலருக்கு இது தெரியவே தெரியாது. காய்ச்சலோடு வந்து மாவு பிசைந்தவர்கள், ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் பட்டினி என்ற கணக்கில்தான் வந்தார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் என்று ஒன்று நடத்துவதானால், இந்த ஊதியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, மருத்துவச் சான்றை யாரிடம் வாங்குவது என்பதைச் சொல்வதே முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அந்தக் கூட்டங்களில் முதலாவது வீண். ஓட்ஸ், பச்சைக் காய்கறிக் கலவை, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று திரையில் படம் ஓட்டினார்கள். தண்ணீர் பேச்சு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா, "தண்ணி குடிச்சா அடிக்கடி எந்திரிச்சுப் போகணும்ல, அப்ப கூலி போகும்ல?" என்று கேட்டார். பேச வந்தவரிடம் பதில் இல்லை. சிறுநீர்த் தொற்று எங்கள் பட்டியலில் ஏன் அதிகமாக இருந்தது என்பதற்கான விளக்கமே அந்தக் கேள்விக்குள் இருந்தது. கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன்: தாழ்ப்பாள் தேய்ந்து உள்ளிருந்து பூட்ட வராது, யாராவது வெளியே காவல் நிற்க வேண்டும், அதாவது ஒருவர் போனால் இருவர் கூலி போகும். தாழ்ப்பாள் மாற்றி, விளக்குப் போட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டி வைத்து, காலையிலும் மாலையிலும் எல்லோரும் எழுந்தாக வேண்டிய பத்து நிமிட ஓய்வைக் கூலியோடு அறிவித்தோம். குடிநீர் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதன்படி குழாயையும் இடம் மாற்றினோம். இரண்டாவது முகாமில் சிறுநீர்த் தொற்று கண்டவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்தும் அதற்குக் காரணமாக இருக்கலாம், ஆனாலும் தாழ்ப்பாளுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கூட்டம் இந்தத் திட்டத்திலேயே ஆகச் சிறந்த பகுதி. அதற்காக மருத்துவமனையை மனமாரப் பாராட்டுகிறேன். இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து அப்பளம் இடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமே கட்டையை வாங்கி இட்டுப் பார்த்தார். பலகை தரையோடு தரையாக இருப்பதால் முழு எடையும் இடுப்பின் மேல் விழுகிறது என்றும், பலகையை ஒரு சாண் உயர்த்தி, உட்காரும் இடத்தில் கனமான மணை போட்டால் குனிவது குறையும் என்றும் காட்டினார். அடுத்த வாரமே ஆசாரியிடம் சொல்லிச் சிலவற்றுக்குக் கால் பொருத்தினோம். எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. மூத்தவர்கள் சிலருக்குப் பழைய பலகைதான் கைக்கு ஓடுகிறது, அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மாறியவர்கள் மாலையில் எழும்போது சுவரைப் பிடிப்பதில்லை. முழுத் திட்டத்துக்கும் பதிலாக அந்த ஒருவரை ஆண்டுக்கு நான்கு முறை அனுப்பினால்கூட அதே பணத்தை மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடைசல், கறுப்புப் புள்ளி, கல் ஆகியவற்றைக் கழிப்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள். அந்த வயதில் கிட்டப்பார்வை மங்குவது இயற்கை. திட்டத்தில் தூரத்து எழுத்தை மட்டும் படிக்கச் சொல்லி, பார்வை சரி என்று எழுதிவிட்டார்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இப்படி ஒரு குறை இருக்கத் தேவையில்லை. நாங்களே ஊழியர்களை அங்கு அழைத்துச் சென்று, தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடத்தி 2018-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. உடல்நலத்துக்குச் செலவழித்தால் தொழிலுக்கு என்ன லாபம் என்று கேட்கும் முதலாளிகளுக்கு, இவ்வளவு குறைந்த செலவில் இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

விளக்குத்தூண் பக்கம் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்யும் எங்கள் உறவுக்காரப் பெண்ணும் இதே போன்ற திட்டத்தில் பரிசோதிக்கப்பட்டாள். காலில் நரம்பு சுருண்டிருக்கிறது, அதிக நேரம் நிற்க வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் நிற்கும் தளத்தில் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு 2021-லேயே கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டது. பரிசோதிக்க வந்த மருத்துவர் அந்த ஒரு வரியைக் கடை முதலாளியிடம் சொல்லியிருந்தால் போதுமாக இருந்தது; ஊழியரின் உடம்பைப் பார்க்க வந்தவர்கள் அவர் நிற்கும் இடத்தைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

வெயிலிலும் இதே கதைதான். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் பங்குனி, சித்திரையில் மாடியில் நிற்பவர்களுக்கு என்ன செய்வது என்பது திட்டத்தின் எந்தத் தாளிலும் இல்லை. காயப்போடுவதை விடியலிலும் திருப்புவதைப் பதினொரு மணிக்குள்ளும் முடிப்பது, படிக்கட்டு முகப்பில் நிழல்வலை கட்டுவது, மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் மாடியிலேயே வைப்பது என்று நாங்களாக ஏற்பாடு செய்துகொண்டோம்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், குறைந்த கூலித் தொழில்களில் உள்ள சிறு நிறுவனங்களுக்காக வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகமும் சேர்ந்து ஹெல்த்லிங்க்ஸ் என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். நிறுவனத்தின் நடைமுறைகளை மதிப்பிட்டு, எதை மாற்றலாம் என்று முதலாளிக்கு யோசனை சொல்லி, அதற்கு வேண்டிய கருவிகளையும் கொடுப்பது அதன் வழி. சிறு நிறுவனங்களில் இதற்கென்று தனி அலுவலர் இருக்கமாட்டார், எல்லாவற்றையும் ஒருவரே பார்க்க வேண்டும் என்பதை அறிந்து வகுத்த முறை அது. இங்கே திட்டம் விற்பவர்களும் முதல் நாளில் ரத்தம் எடுக்காமல், ஒரு சுற்று வந்து கழிப்பறை, குடிநீர், இருக்கை, காற்று, ஓய்வு நேரம் ஆகியவற்றைப் பார்த்து ஒரு பக்க அறிக்கை கொடுத்தால், அதற்கே பாதிப் பணம் தகும்.

தொடர் கவனிப்பு இல்லாததே இத்திட்டத்தின் பெருங்குறை. முதல் முகாமில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தவர்களை மருத்துவமனையிலிருந்து ஒருவரும் தொலைபேசியில்கூட விசாரிக்கவில்லை. இரண்டாம் முகாமுக்கு வந்த மருத்துவமனை ஆட்கள் கையில் பழைய பதிவு எதுவும் இல்லை. எல்லோருக்கும் புது அட்டை போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் என்ன இருந்தது என்று தெரியாமல் இன்றைய எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்? கைப்பேசி ஆலோசனை எண்ணை அழைத்தால் ஆங்கிலத்தில் பதிவுக்குரல் வரும். எங்கள் பெண்கள் அங்கேயே வைத்துவிடுவார்கள். கடைசியில், ஊழியர்களே தேர்ந்தெடுத்த ஒருவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரக் கூலியைத் தனியாகக் கொடுத்து, யாருடைய முடிவையும் கேட்காமல், அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதியை மட்டும் நினைவூட்டச் செய்தோம். மாத்திரையை நிறுத்தியவர்கள் திரும்பவும் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆண்டுக்கு இதே மருத்துவமனையோடு பேசிக்கொண்டிருக்கிறோம். கொழுப்புச் சோதனையையும் நாற்பதைக் கடந்த எல்லோருக்கும் இ.சி.ஜி. எடுப்பதையும் நீக்கி, ஊதுசோதனையையும் கிட்டப்பார்வையையும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். முதல் கூட்டத்துக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. பயன்களைத் தமிழில் விளக்க ஒருவர், இயன்முறை மருத்துவர் நான்கு முறை, தமிழில் தனித்தனி உறை, பழைய பதிவோடு இரண்டாம் முகாம், அளவு கூடியவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் தொலைபேசி விசாரிப்பு. இவை அனைத்தும் எழுத்தில் இருந்தால் ஆளுக்கு 600 ரூபாய்வரை கொடுப்பதில் தவறில்லை. இல்லாவிட்டால் அந்தப் பணத்தை மின்விசிறிக்கும் பலகைக்கும் கழிப்பறைக்கும் கண்ணாடிக்கும் போட்டுவிட்டு, பரிசோதனைக்குச் சுகாதார நிலையத்தையும் இ.எஸ்.ஐ.யையும் நாடுவதே மேல். இருபது பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு மருத்துவமனைகள் விலை இறங்குவதில்லை. எங்கள் தெருவில் பாத்திரப் பட்டறையும் ஊறுகாய்க் கூடமும் எங்களோடு சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகக் கேட்கச் சம்மதித்திருக்கின்றன. அவனியாபுரம், வில்லாபுரம் பக்கம் கூடம் வைத்திருப்பவர்கள் விரும்பினால் இந்த நிபந்தனைத் தாளின் நகலைத் தருகிறேன்.